தவறு ஆலோசகருடையது, அபராதம் யாருக்கு?

புதுதில்லியில் "ஐ.டி.ஓ." என்று சொன்னால் எந்த ஆட்டோ ஓட்டுநரும் மறுகேள்வி கேட்பதில்லை. "இன்கம் டாக்ஸ் ஆபீஸ்" என்பதன் சுருக்கமே அந்தச் சந்திப்பின் பெயராக நிலைத்துவிட்டது. சந்திப்பையொட்டிய இந்திரபிரஸ்தா மார்க்கில் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தலைமையகம் உள்ளது. அங்கிருந்து விகாஸ் மார்க் வழியாக யமுனைப் பாலத்தைக் கடந்தால் லட்சுமி நகர். பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கும் நிலையங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. வரி வசூலிப்போர், கணக்காளர்களை நெறிப்படுத்துவோர், நாளை கணக்காளர் ஆகப் போகிறவர்கள் என மூன்று தரப்பினரும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இந்த மூவரின் பார்வைக்கும் எளிதில் சிக்காத நான்காவது ஒருவர் இருக்கிறார். நகல் எடுக்கும் கடையிலோ, கணினி மையத்திலோ, வீட்டு முன்னறையிலோ அமர்ந்து மற்றவர்களுக்காக வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தருபவர் அவர். அவரிடம் பட்டம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரது பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மாதச் சம்பளக்காரரின் கடவுச்சொல் அவரிடம் உள்ளது. கணக்கை உறுதி செய்யும் ஓ.டி.பி. எண்ணையும் தொலைபேசியில் அவரிடமே படித்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆறு இலக்க எண்தான் இன்றைய கையொப்பம் என்பதைச் சொல்பவரும் பெரும்பாலும் உணர்வதில்லை.

150 இடங்களில் நடவடிக்கை

2025 ஜூலை 14-ஆம் தேதி வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் ஒரே நேரத்தில் சரிபார்ப்பு நடவடிக்கையில் இறங்கியது. வருமான வரிச் சோதனை என்றால் தொழிலதிபர்கள், திரைத் துறையினர் வீடுகளே மக்கள் நினைவுக்கு வரும். இந்த முறை இலக்கானவர்கள் போலிக் கழிவுகளைக் கோரிக் கணக்குத் தயாரித்துக் கொடுத்தவர்களும் இடைத்தரகர்களும் ஆவர். மகாராஷ்டிரம், தில்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றுடன் தமிழகத்திலும் சந்தேகத்துக்குரிய கோரிக்கைகள் கண்டறியப்பட்டதாக மத்திய நேரடி வரிகள் வாரியம் தெரிவித்தது.

பயனடைந்தவர்கள் யார் என்பதையும் வாரியம் மறைக்கவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள், பொதுத் துறை நிறுவனங்கள், அரசு அமைப்புகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்களும் தொழில்முனைவோரும் அந்தப் பட்டியலில் இருந்தனர். வீட்டு வாடகைப்படி, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் வட்டி, அறக்கட்டளை நன்கொடை, அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று சட்டம் அனுமதிக்கும் ஒவ்வொரு கழிவும் இல்லாத செலவுக்குப் பயன்படுத்தப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய 4 மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தங்கள் கணக்கைத் தாங்களே திருத்தி, ரூ. 1,045 கோடி அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் வாரியம் கூறியது.

அந்த அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் இருந்தது. மொத்தமாகக் கணக்குகளைத் தாக்கல் செய்வதற்கென்றே சில தயாரிப்பாளர்கள் தாற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கியிருந்தனர். வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டனர். பின்னர் துறை அனுப்பிய நோட்டீஸ்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டிகளிலேயே கிடந்தன.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். முன்பு வருமான வரி நோட்டீஸ் என்பது பதிவுத் தபாலில் வீடு தேடி வரும். அதிகாரியை நேரில் பார்த்து விளக்கம் அளிக்கலாம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த முகமறியா மதிப்பீட்டு முறைக்குப் பிறகு விசாரணை, விளக்கம், உத்தரவு அனைத்தும் இணையதளம், மின்னஞ்சல் வழியே நடைபெறுகின்றன. அதிகாரியும் வரி செலுத்துபவரும் நேருக்கு நேர் சந்திக்காததால் ஊழலுக்கு வாய்ப்பு குறையும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், கணக்கில் பதிவாகியுள்ள முகவரி ஆலோசகருடையதாக இருந்தால், வரி செலுத்துபவருக்கு நோட்டீஸ் வந்ததே தெரியாது. பதில் வராவிட்டால், கையில் இருக்கும் விவரங்களை வைத்து அதிகாரி தம் மதிப்பீட்டின்படியே வரியை நிர்ணயிக்கலாம். மேல்முறையீட்டுக்கு 30 நாள்கள் கெடு. அதுவும் கடந்த பிறகே பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

பத்து சதவீதத்தின் விலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய வரி முறையில் 20 சதவீத வரி வரம்பில் இருக்கும் ஓர் ஊழியர், ஆலோசகரின் பேச்சைக் கேட்டு ரூ. 2 லட்சத்துக்கு இல்லாத கழிவைக் கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் தீர்வையையும் சேர்த்து ரூ. 41,600 திரும்பக் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆலோசகருக்கு என்று பேச்சு. கண்டுபிடிக்கப்பட்டால் ரூ. 41,600-ஐத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கு வட்டி கட்ட வேண்டும். பொய்த் தகவல் அளித்ததாக முடிவானால் வரியைப் போல இரு மடங்கு, அதாவது ரூ. 83,200 அபராதம். ஆலோசகர் வாங்கிய ரூ. 4,160 அவரிடமே இருக்கும்.

அரசு ஊழியர்களுக்கு ஆபத்து இதோடு முடிவதில்லை. பெங்களூரில் தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் சிலருக்கு ஆலோசகர் உதவியுடன் பொய்யாக ரீஃபண்டு பெற்றுத்தரப்பட்டது 2018 ஜனவரியில் தெரியவந்தது. அதையடுத்து அந்நகரில் உள்ள மத்திய கணக்குப் பரிசீலனை மையம் 2018 ஏப்ரலில் சம்பளதாரர்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தவறான கோரிக்கை கண்டறியப்பட்டால் அரசு, பொதுத் துறை ஊழியர்கள் மீது நடத்தை விதிகளின்படி நடவடிக்கை எடுக்க அவர்களது துறையின் கண்காணிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்கப்படும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. சில ஆயிரம் ரூபாய்க்காகப் பதவி உயர்வும் ஓய்வூதியமும் கேள்விக்குள்ளாகலாம் என்பதே அதன் பொருள்.

அரசியல் கட்சிகளுக்கு அளிக்கும் நன்கொடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தனிநபர் அளிக்கும் நன்கொடை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜிசி பிரிவு இடமளித்தது. பெயரளவில் மட்டும் இயங்கும் சில பதிவு பெற்ற கட்சிகள் இதைத் தொழிலாக்கிக்கொண்டன என்பது துறையின் குற்றச்சாட்டு. வங்கி வழியே நன்கொடை வாங்கி, தரகுத் தொகையைப் பிடித்துக்கொண்டு, மீதியைப் பணமாகத் திருப்பிக் கொடுப்பது அதன் வழிமுறை. 2022 செப்டம்பரில் பல மாநிலங்களில் இத்தகைய கட்சிகள் தொடர்பாகச் சோதனைகள் நடைபெற்றன. அங்கீகாரம் பெறாத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குக் கூறப்பட்ட காரணம் வேறு: 6 ஆண்டுகளாக எந்தத் தேர்தலிலும் போட்டியிடவில்லை என்பது. ஆயினும், எங்கோ ஓர் ஊரில் இயங்கும், பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கட்சிக்கு ஒரு பள்ளி ஆசிரியர் ஏன் நன்கொடை தர வேண்டும் என்று கேட்டால், பதில் ஆசிரியரிடம் இருக்காது. அவரது கணக்கை எழுதியவரிடம்தான் இருக்கும்.

வாதாடத் தகுதி வேண்டும், எழுத வேண்டாம்

இத்தனைக்கும் காரணமான ஒரு முரண்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. வரி அதிகாரியின் முன்பு வரி செலுத்துபவருக்காக யார் ஆஜராகலாம் என்பதை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-ஆவது பிரிவு வரையறுத்தது. உறவினர், ஊழியர், வழக்குரைஞர், பட்டயக் கணக்காளர், குறிப்பிட்ட கல்வித் தகுதி பெற்றவர் என்று ஒரு பட்டியல். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வணிகம் நடத்துவோரின் வரித் தணிக்கையைப் பட்டயக் கணக்காளர் மட்டுமே செய்ய முடியும். ஆனால், தணிக்கை தேவைப்படாத ஒரு சம்பளதாரரின் கணக்கை எழுதித் தர எந்தத் தகுதியும் விதிக்கப்படவில்லை. அதிகாரியிடம் விளக்கம் சொல்லத் தகுதி தேவை. அந்த விளக்கத்துக்கு அவசியம் ஏற்படுத்தும் தவறைச் செய்யத் தகுதி தேவையில்லை.

பட்டயக் கணக்காளர்களுக்குக் கடிவாளம் உண்டு. பலனுக்கேற்பச் சதவீத அடிப்படையில் கட்டணம் வாங்குவதை, சில விலக்குகள் தவிர, 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டம் தொழில்முறைத் தவறாகவே கருதுகிறது. உரிய கவனமின்மையும் பெரும் அலட்சியமும் அவ்வாறே. அவர்கள் பெயரில் பிறர் போலிச் சான்றிதழ் தருவதைத் தடுக்க, ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனி அடையாள எண் பெறுவதை 2019 முதல் கழகம் கட்டாயமாக்கியது. ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு 60 வரித் தணிக்கைகளுக்கு மேல் செய்யக் கூடாது என்றும் வரம்பு விதித்தது. தெருமுனைத் தயாரிப்பாளருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. ரீஃபண்டில் பங்கு கேட்பது அவரைப் பொறுத்தவரை வியாபாரம்.

தயாரிப்பாளரைத் தண்டிக்கவே வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. பொய்க் கணக்குக்கு உடந்தையாக இருந்தவருக்கு, ஏய்க்க முயன்ற வரி ரூ. 25 லட்சத்தைத் தாண்டினால், 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க 278-ஆவது பிரிவு வகை செய்தது. தவறான அறிக்கையோ சான்றிதழோ தரும் கணக்காளருக்கு ரூ. 10,000 அபராதம் விதிக்க 2017-இல் 271ஜெ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால், அது அறிக்கைக்கும் சான்றிதழுக்கும் மட்டுமே. சாதாரணக் கணக்குப் படிவத்துக்கு அல்ல. உடந்தை என்று நிரூபிக்க வேண்டுமானால் முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். படிவத்தில் அவர் பெயரே இல்லாதபோது எங்கே தேடுவது?

நிபுணர்களும் தவறுவர்

எல்லாத் தவறும் மோசடி அல்ல. உண்மையில் பெரும்பாலானவை அவசரத்தால் நேர்பவை. தணிக்கையாளர் அலுவலகங்களில் கணக்கை நிரப்புவோர் பெரும்பாலும் பயிற்சி மாணவர்கள். கடைசி வாரத்தில் கோப்புகள் குவியும். சேமிப்புக் கணக்கு வட்டி விடுபடும். வேலை மாறியவரின் இரண்டு நிறுவனச் சம்பளத்தில் ஒன்று மறக்கப்படும். நிலுவைச் சம்பளத்துக்கு வரிச்சலுகை பெற வேண்டிய 10இ படிவம் தாக்கல் ஆகாமலேயே சலுகை கோரப்படும். கணக்கை அனுப்பிவிட்டு, 30 நாள்களுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்ல மறந்துவிடுவார்கள். குறித்த காலத்தில் உறுதி செய்யாவிட்டால் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ததாகக் கருதப்படலாம். உறுதியே செய்யாவிட்டால் அது செல்லாத கணக்கு.

இத்தகைய தவறுக்கு நாட்டிலேயே சிறந்த உதாரணம் ஒரு கணக்கியல் ஆலோசனை நிறுவனத்தின் சொந்தக் கணக்குதான். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் நிறுவனம் 2000-2001 மதிப்பீட்டு ஆண்டுக்கான தன் கணக்கில், பணிக்கொடைக்காக ஒதுக்கிய ரூ. 23,70,306-ஐக் கழித்துக் காட்டியிருந்தது. அத்தொகை கழிக்கத் தக்கதல்ல என்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்த வரித் தணிக்கை அறிக்கையே கூறியது. பிறருக்கு வரி ஆலோசனை சொல்லும் நிறுவனத்தின் கணக்கில் இரண்டு தாள்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நின்றன.

கணக்கு மீண்டும் திறக்கப்பட்டதும் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு வரியையும் வட்டியையும் செலுத்தியது. அதிகாரி அத்துடன் விடவில்லை. வரியைப் போல 3 மடங்கு அபராதம் விதித்தார். தீர்ப்பாயம் அதை ஒரு மடங்காகக் குறைத்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் அளித்த விளக்கம் கவனிக்கத்தக்கது. கணக்கை இறுதி செய்தவர் பட்டயக் கணக்காளர் அல்லர். அவர் தயாரித்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி இயக்குநர் ஒருவர் கையொப்பமிட்டார். உலகப் புகழ்பெற்ற நிறுவனத்திலும், முன்னறைக் கணினி மையத்திலும் நடப்பது ஒன்றேதான் போலும்.

2012 செப்டம்பர் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. நிறுவனம் எத்தனை திறமை வாய்ந்தது என்பதற்கும் கவனப் பிசகுக்கும் தொடர்பில்லை, கவனக்குறைவு என்பதாலேயே பொய்த் தகவல் அளித்ததாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். முதல் மதிப்பீட்டின்போது தணிக்கை அறிக்கையைக் கவனிக்காமல் விட்ட அதிகாரியும் அதே தவறைச் செய்திருக்கிறார் என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

தீர்ப்பு நியாயமானது. ஆனால், அந்த நியாயத்தைப் பெற உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. ரூ. 80,000 அபராதத்தை எதிர்த்து ஒரு எழுத்தர் அத்தனை தூரம் போவாரா?

சட்டத்தை நன்கறிந்த ஆலோசகரும் இப்போது மென்பொருளுக்குக் கட்டுப்பட்டவரே. 2024 ஜூலை 5-ஆம் தேதி துறை தன் மென்பொருளில் செய்த மாற்றத்தால், பங்குகள் விற்ற குறுகிய கால லாபத்துக்கான வரிக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியைக் கோரவே முடியாமல் போனது. அதற்கு முந்தைய நாள் வரை தாக்கல் செய்தவர்கள் கோரியிருந்தனர். மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டு, கோரும் வாய்ப்பையே மென்பொருளால் அடைக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் கூறியது. அதற்குள், "உங்கள் ஆடிட்டருக்கு விஷயம் தெரியவில்லை" என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ!

சரக்கு-சேவை வரியிலும் இதே கதைதான். மத்திய வரியின் கட்டத்தில் நிரப்ப வேண்டியதை ஒருங்கிணைந்த வரியின் கட்டத்தில் நிரப்பினால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. விற்றவரின் கணக்காளர் செய்த பிழைக்கு வாங்கிய வணிகர் தண்டம் கட்ட வேண்டும். இத்தகைய பிழையைத் திருத்த அனுமதிக்குமாறு 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மனிதத் தவறு இயல்பானது, அரசுத் தரப்பிலும் தவறு நேர்கிறது, எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்வது தொழில் நடத்தும் உரிமையிலிருந்தே எழும் உரிமை என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் கூறியது.

அமெரிக்காவிலும் நிலை மெச்சத்தக்கதாக இல்லை. அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பைச் சேர்ந்தவர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலச் சென்று 19 தயாரிப்பாளர்களிடம் கணக்கு எழுதச் சொன்னபோது, 2 பேர் மட்டுமே ரீஃபண்டு தொகையைச் சரியாகக் கணக்கிட்டனர் என்று 2014-இல் தெரிவிக்கப்பட்டது. தயாரிப்பாளர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் அளிக்க அங்குள்ள வரித் துறை முயன்றது. அதற்குச் சட்டத்தில் அதிகாரமில்லை என்று அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்துவிட்டது.

வெறுமையாக நின்ற கட்டம்

இந்தியாவில் இதற்கு ஒரு தீர்வு முன்பே யோசிக்கப்பட்டது. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, 2006-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 139பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி "வரிக் கணக்குத் தயாரிப்பாளர் திட்டம்" அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பட்டதாரி இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, அடையாள எண் வழங்கி, சிறு வருவாய்ப் பிரிவினருக்குக் கணக்கு எழுதித் தரச் செய்வது நோக்கம். தணிக்கைக்கு உட்பட்டவர்களின் கணக்கை அவர்கள் தொடக் கூடாது.

அதில் இரு அம்சங்கள் முக்கியமானவை. தயாரிப்பாளரின் ஊக்கத்தொகை, வாடிக்கையாளர் செலுத்தும் வரியில் சிறு சதவீதமாக அரசால் வழங்கப்பட்டது. ரீஃபண்டில் அல்ல; செலுத்தும் வரியில். வரியைக் குறைத்துக் காட்டினால் அவரது வருவாயும் குறையும். மற்றொன்று, கணக்கில் அவரும் கையொப்பமிட வேண்டும். வருமான வரிப் படிவத்தின் கடைசிப் பகுதியில் தயாரிப்பாளரின் அடையாள எண், பெயர், எதிர்க்கையொப்பம் ஆகியவற்றுக்கெனத் தனிக் கட்டங்கள் பல ஆண்டுகள் இடம்பெற்றன.

பெரும்பாலான கணக்குகளில் அவை நிரப்பப்படாமலேயே போயின. கணக்குத் தாக்கல் இணையத்துக்கு மாறியதும், பயிற்சி பெற்றவரைத் தேடிச் செல்வதைவிட அருகிலுள்ள கணினி மையமே மக்களுக்கு எளிதாக இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டால் கணக்கை ஏற்க மறுக்கும் ஏற்பாடும் இல்லை. பிறர் எழுதிய கணக்கா, தாமே எழுதியதா என்று கேட்கும் ஒரு வரி அங்கே கட்டாயமாக்கப்பட்டிருந்தால், 2025 ஜூலையில் 150 இடங்களைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு வரை தேவைப்பட்டிருக்காது.

தவறை உணர்ந்தவர்களுக்குத் துறை ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2022-இல் அறிமுகமான மேம்படுத்திய கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு 2025-இல் 4 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆனால், வரி, வட்டியுடன் அவற்றின் மீது 25 சதவீதம் முதல் 70 சதவீதம் வரை கூடுதல் தொகை கட்ட வேண்டும். தாமதமாக ஆக விலையும் ஏறும். மறு மதிப்பீட்டு நோட்டீஸ் வந்துவிட்டால் இந்த வழி எளிதல்ல. நோட்டீஸ் வந்ததா என்று பார்க்கவும், கைவிடப்பட்ட அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் வேண்டும்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் மொழியை எளிமையாக்கியது. பிரிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. யார் அதிகாரி முன் ஆஜராகலாம் என்ற பட்டியல் அதிலும் உண்டு. வரிக் கணக்குத் தயாரிப்பாளர் திட்டத்துக்கான பிரிவும் புதிய எண்ணுடன் அப்படியே எடுத்துச் செல்லப்பட்டுள்ளது. திட்டத்தை மீண்டும் உயிர்ப்பிக்க நாடாளுமன்றம் செல்ல வேண்டிய அவசியமில்லை. வாரியத்தின் ஓர் அறிவிக்கை போதும்.